நம்பர் சொல்லி முடிப்பதற்குள் மூன்று வாய்

"எனக்கு அரை மணி நேரம் வேணும் சார். சாப்பிட. எனக்கு மட்டுமில்ல, எங்க வரிசைக்கே."

சொல்லிவிட்டாள். செருப்பு மாட்டும்போது ஒரு தடவை, கேட்டைத் திறக்கும்போது ஒரு தடவை, அவள் தெருமுனை திரும்பும்போது கத்தி ஒரு தடவை என்று, எதைச் சொல்லவே கூடாதென்று அம்மா காலையில் மூச்சுமுட்டச் சொல்லியனுப்பினாளோ அதைத்தான் சொல்லிவிட்டாள். கண்ணாடி அறைக்குள் வந்து நாற்காலியில் முழுசாக உட்காரக்கூட இல்லை. 'இன்னைக்கு உன்னை டீம் லீடர் ஆக்கப்போறாங்க. சிரி. தேங்க்ஸ் சொல்லு. சாப்பாட்டைப் பத்தி மட்டும் வாயைத் திறக்காதே' என்பதுதான் அம்மா சொன்னது. அவள் சிரிக்கவும் இல்லை, தேங்க்ஸ் சொல்லவும் இல்லை.

சூப்பர்வைசர் வாழ்த்துச் சொல்வதற்காக ஒரு சிரிப்பை ஏற்கெனவே முகத்தில் எடுத்து வைத்திருந்தார். அதை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல், கண்ணெதிரே கிடந்த பேனாவைத் தேடினார்.

"என்னம்மா பட்டாசு, நான் எதுக்குக் கூப்பிட்டேன், நீ என்ன பேசறே?"

அலுவலகத்தில் அவளுக்குப் பட்டாசு என்றுதான் பெயர். சேர்ந்த முதல் வாரமே, கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று மின்விசிறிச் சத்தத்தையும் மீறிக் கத்திச் சொன்னதில் வந்த பெயர். தாழ்ப்பாள் வந்தது. பெயரும் தங்கிவிட்டது.

அம்மாவுக்கு அந்தத் தாழ்ப்பாள் கதை பிடிக்காது. அம்மா இருபது வருஷத்துக்கு மேலாக அடுத்தவர் வீட்டு அடுப்படியில் நின்றவள். பாத்திரம் கழுவும் தொட்டியோரம் நின்றபடி, ஒரு காதைக் கூடத்துப் பக்கம் வைத்துக்கொண்டு, யாராவது கூப்பிடுவதற்குள் ஒரு தட்டுச் சோற்றை உள்ளே தள்ளிவிடுவாள். அங்கே நின்று கற்ற சட்டத்தைத்தான் மகளுக்கும் ஊட்டி வளர்த்தாள். "சம்பளம் அதிகம் கேட்டா திமிர் பிடிச்சவன்னுதான் சொல்லுவாங்க. சாப்பிட நேரம் கேட்டா கேவலமா பார்ப்பாங்கடி. அந்தப் பார்வையைத் தாங்க முடியாது." மகள் படித்தாள். அந்த வீட்டுக்கு வந்த முதல் பட்டம் அவளுடையது, இயற்பியல். சுவரில் மாட்டியிருக்கிறது, மழை வந்தால் முதலில் அதைத்தான் கழற்றி அலமாரிக்குள் வைப்பார்கள். வேலை கிடைத்தபோது அம்மா கேட்ட ஒரே கேள்வி, "உட்கார்ந்து பார்க்கிற வேலையா?" ஆமாம் என்றதும் அழுதாள்.

உட்கார்ந்து பார்க்கிற வேலைதான். அதில் பொய்யில்லை. பார்சல் கம்பெனியின் புகார்ப் பிரிவு. வராத பார்சல், உடைந்து வந்த பார்சல், பக்கத்து வீட்டுக்குப் போன பார்சல் என்று காலையிலிருந்து காதில் யாராவது திட்டிக்கொண்டே இருப்பார்கள். மேசையில் ஒரு சின்னப் பச்சை விளக்கு. அது எரிந்தால் அழைப்பு வருகிறது, எடுக்க வேண்டும். மதியச் சாப்பாட்டுக்கென்று அது அணையாது. சீட்டிலேயே சாப்பிட்டுக்கொள்ள வேண்டியதுதான். போனில் ஒரு பொத்தான் உண்டு; அழுத்தினால் எதிர்முனைக்கு நம் குரல் கேட்காது. எல்லோரும் அதை ஊமைப் பொத்தான் என்பார்கள். புதிதாகச் சேருகிறவர்களுக்குக் கம்ப்யூட்டரைச் சொல்லிக்கொடுப்பதற்கு முன் அந்த வரிசை சொல்லிக்கொடுப்பது இந்த வித்தையைத்தான்: பசித்தால் பார்சல் நம்பரைக் கேள். நீளமான நம்பர். எதிர்முனைக்காரர் ரசீதைத் தேடி எடுத்து, கண்ணாடியை மாட்டி, ஒவ்வொன்றாகப் படித்து முடிப்பதற்குள் ஊமைப் பொத்தானை அழுத்திக்கொண்டு மூன்று வாய் தள்ளிவிடலாம். வயதானவர் என்றால் ஐந்து வாய். இன்னும் பசித்தால், "லைன் சரியா கேக்கலை சார், நம்பரை இன்னொரு தடவை சொல்லுங்க."

இதில் கரைகண்டவள் பக்கத்து சீட்டுக் கொட்டாவி. எப்போதும் தூக்கக் கலக்கத்திலேயே இருப்பதால் அந்தப் பெயர். ஆனால் முழுங்குவதில் மலைப்பாம்பு. இரண்டு இலக்கங்களுக்கு நடுவே அரை முட்டையை உள்ளே அனுப்பிவிட்டு, "ஆமாங்க, குறிச்சுக்கிட்டேன்" என்று தேன் சொட்டச் சொல்லுவாள்.

மதியம் தாண்டியதும் வரிசை முழுக்க வயிறு பானையாகிவிடும். ஒருத்தி இடுப்புப் பட்டையை இழுத்துவிடுவாள், ஒருத்தி நாற்காலியில் கோணலாகச் சாய்வாள், ஒருத்தி எழுந்து நின்றபடியே பேசுவாள். எழுந்து வெளியே போகவும் வழியில்லாததால் எல்லாரும் எல்லாவற்றையும் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சூப்பர்வைசர் நல்ல மனசுக்காரர். தன் இழுப்பறையில் வயிற்று உப்புசத்துக்கான பொடிப் பொட்டலங்களைப் பெட்டிபெட்டியாக வாங்கி வைத்திருந்தார். கேட்டால் கொடுப்பார், கேட்காவிட்டாலும் கொடுப்பார். தண்ணீரில் கொட்டினால் புஸ்ஸென்று பொங்கும். மூன்றரை மணிக்கு அந்த வரிசை முழுக்க அடுப்பில் எண்ணெய் காய்கிற மாதிரி ஒரே சத்தம். போதாததற்கு, கம்பெனியின் தாராளம் என்று மூலையில் ஒரு இயந்திரம். பொத்தானைத் தட்டினால் இலவசமாக சோடா பானம்.

"காத்தை வெளியே அனுப்ப காத்தையே குடிக்கிறோமேடி, நமக்கு அறிவிருக்கா?" என்பாள் பட்டாசு.

"உனக்கிருக்கே. பட்டம் வாங்கியிருக்கே. நீ குடிக்காதே, உன் டம்ளரை இப்படி நகர்த்து" என்பாள் கொட்டாவி.

ஒருநாள் சாயங்காலம் பஸ்ஸில் ஒரு அம்மாள் பட்டாசைப் பார்த்ததும் பதறி எழுந்தாள். "உட்காரும்மா, உட்காரு. இந்த மாதிரி நேரத்துல நிக்கக்கூடாது."

"இது பிள்ளை இல்லக்கா, காத்து" என்றாள் இவள், பஸ்ஸுக்கே கேட்கும்படி. அந்த அம்மாள் முகம் சுண்டிப்போனது. ஆனால் சீட்டை இவள் விடவில்லை; உட்கார்ந்துகொண்டாள். கல்யாணமாகாத பெண் கைப்பையை வயிற்றுக்கு மேல் வைத்து மறைத்துக்கொண்டு, அதற்குக் கீழே கால்சட்டையின் கொக்கியைக் கழற்றிவிட்டு மூச்சுவிட்டாள். அது அவளுடைய தினசரி வழக்கம். பஸ் ஏறினால் டிக்கெட், உட்கார்ந்தால் கொக்கி.

டாக்டரிடமும் போனாள். அமுக்கிப் பார்த்தார், பரிசோதனை எழுதினார், பயப்பட ஒன்றுமில்லை என்றார். "வேகமா சாப்பிடுவீங்களா?"

"எல்லாரும் சாப்பிடற மாதிரிதான்."

"மென்னு மெதுவா சாப்பிடுங்க. சாப்பிடும்போது பேசாதீங்க. சோடாவை நிறுத்துங்க. சாப்பிட்டதும் கொஞ்சம் நடங்க. அப்புறமும் போகலைன்னாலோ வலி, எடை குறையறதுன்னு ஏதாவது இருந்தாலோ வாங்க."

வெளியே வந்து அம்மாவிடம் குதித்தாள். "இதைச் சொல்றதுக்கு இவ்வளவு படிச்சானா அந்த ஆளு? ஒரு மாத்திரைகூட எழுதலைம்மா!" அம்மாவும் சேர்ந்து திட்டினாள். அதோடு அந்த டாக்டரை மறந்துபோனார்கள்.

பிறகுதான் அந்த நாள் வந்தது. தெருமுனையில் குழாய் போடக் குழி தோண்டினவர்கள் போன் கேபிளை வெட்டிவிட்டார்கள். பதினொன்றரை மணிக்கு வரிசையில் இருந்த பச்சை விளக்கெல்லாம் ஒன்றாக அணைந்தது. ஒரு நிமிஷம் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. இவ்வளவு அமைதியாகவா இருக்கும் இந்த அறை? மின்விசிறிக்கு ஒரு கீச்சுச் சத்தம் உண்டென்றே அன்றைக்குத்தான் தெரிந்தது. சூப்பர்வைசர் போனைத் தட்டிப் பார்த்து, ஊதிப் பார்த்து, கடைசியில் "சரி, போய் எங்கேயாவது சாப்பிட்டு வாங்க" என்று கையை விரித்தார்.

பின்பக்கப் படிக்கட்டில் உட்கார்ந்தார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு அப்படி உட்கார்ந்து அவள் சாப்பிட்டதே இல்லை. ஒரு வாய், அப்புறம் ஒரு பெருமூச்சு, அப்புறம் யாரோ சொன்ன கதை. சிரிப்பதற்காக வாயில் இருப்பதை முழுதாக மென்று விழுங்கிவிட்டுக் காத்திருந்தார்கள். சோடா இயந்திரம் மாடியில் இருந்ததால் யாரும் ஏறிப்போகச் சோம்பல்பட்டுத் தண்ணீரையே குடித்தார்கள். தன் டப்பாவில் இருந்த அவரைக்காய்க்கு இனிப்பு உண்டென்பது அன்றைக்குத்தான் அவள் நாக்குக்குத் தெரிந்தது. சாப்பிட்டு முடித்ததும், நம்மை விடுதலை செய்த அந்தக் குழி எப்படித்தான் இருக்கிறது பார்க்கலாம் என்று கொட்டாவி கிளப்பிவிட, கூட்டமாகத் தெருமுனைவரை நடந்தார்கள். குழிக்குள் நின்றிருந்த ஆட்கள் வெட்டுப்பட்ட கம்பியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். "மெதுவா தேடுங்கண்ணே, அவசரமே இல்ல" என்றாள் கொட்டாவி. அன்றைக்கு அவள் ஒரு தடவைகூடக் கொட்டாவி விடவில்லை.

சாயங்காலம் பஸ்ஸில் உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்தாள். கை தன்பாட்டுக்குக் கொக்கிக்குப் போனது. போன கை அங்கேயே நின்றது. கொக்கிக்கும் வயிற்றுக்கும் நடுவே இரண்டு விரல் போகிற இடம் இருந்தது.

"அட!" என்றாள், வாய்விட்டு. பக்கத்தில் இருந்தவர் தன் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அவளுக்குள் ஏதோ சரசரவென்று பற்றிக்கொண்டது. இன்றைக்கு மூன்றரை மணிக்கு வரிசையில் புஸ் சத்தமே கேட்கவில்லையே! யாருமே இழுப்பறைப் பக்கம் போகவில்லையே! அதே டப்பா, அதே சோறு, அதே வயிறு. மாறியது என்ன? மென்றார்கள், பேசும்போது முழுங்கவில்லை, சோடா இல்லை, நடந்தார்கள். அந்த டாக்டர்! அந்தப் பாவப்பட்ட டாக்டர்! காற்று உள்ளே போனால் உள்ளேதானே இருக்கும், இதற்குப் போய் ஒரு பட்டமா வேண்டும்? நம்பரைக் கேட்டு நம்பரைக் கேட்டு ஒவ்வொரு வாய்ச் சோற்றோடும் ஒரு வாய்க் காற்றை முழுங்கியிருக்கிறோம். தன் நிறுத்தத்தை விட்டுவிட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, சந்தோஷத்தில் வீட்டுக்கு ஓடினாள்.

அன்றைக்கே அம்மாவைத் தன்னெதிரே உட்காரவைத்தாள். அது லேசான காரியமாக இல்லை. அம்மாவுக்கு உட்கார்ந்தால் சோறு இறங்காது. இவள் நாலாவது வாய் எடுப்பதற்குள் அம்மாவின் தட்டு காலி.

"கையைக் கீழ வைம்மா. மென்னு முழுங்கிட்டு அப்புறம் எடு."

"நான் என்ன மாடா, அசை போட?"

"மாடு எவ்வளவு நிம்மதியா இருக்கு, பார்த்திருக்கியா?"

அம்மா சிரித்துவிட்டாள். பிறகு தட்டைப் பார்த்தபடியே, "எதுக்குடி என்னையே பார்த்துக்கிட்டிருக்கே? ஒருத்தர் பார்க்க சாப்பிட்டுப் பழக்கமில்ல. கூச்சமா இருக்கு" என்றாள். இவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். தன் தட்டைப் பார்த்தபடியே மென்றாள்.

சாப்பிட்டபின் தெருமுனைவரை நடை. முதல் நாள் அம்மா யாரோ துரத்துவது மாதிரி நடந்தாள். நாலாவது நாள் அடுத்த தெருக்காரியிடம் நின்று பேசினாள். சில நாட்கள் கழித்து ஒரு காலையில் குளியலறைக்குள்ளிருந்து ஒரு கூச்சல். கரப்பான்பூச்சி என்று துடைப்பத்தோடு ஓடினாள் மகள்.

"பாவாடை நாடா ஒரு சாண் அதிகமா வருதுடி! கட்டக் கட்ட மிச்சமா இருக்கு!" அம்மாவின் முகத்தில், ரிசல்ட் பார்த்த பிள்ளையின் முகம். இத்தனை வருஷமாக அது தன் உடம்பு வாகு என்றுதான் நினைத்திருந்தாள். இருவரும் குளியலறை வாசலில் நின்று கெக்கலித்தார்கள்.

அலுவலகத்திலும் மெதுவாகச் சாப்பிட்டுப் பார்த்தாள். சீட்டில் அது நடக்கவில்லை. மெல்லுகிற சுவாரஸ்யத்தில் ஒருநாள் ஊமைப் பொத்தானை மறந்துபோனாள். "என்னம்மா, போன்ல ஆடு கீடு மேயுதா?" என்றார் வாடிக்கையாளர். புகார்ப் பிரிவைப் பற்றியே ஒரு புகார். சூப்பர்வைசர் அந்தப் பதிவை எல்லார் முன்னாலும் போட்டுக் காட்டினார். நறுக், நறுக் என்று வெள்ளரிக்காய். வரிசை விழுந்து விழுந்து சிரித்தது. அவளும் சிரித்தாள். பிறகு, சிரித்துக்கொண்டிருந்தவர்களின் வயிறுகளைப் பார்த்தாள். கோபம் வந்தது.

"கேக்கப்போறேன்டி. விளக்கை அணைக்கச் சொல்லி."

"கேளு. நான் உன் பின்னாடி இருக்கேன்" என்றாள் கொட்டாவி. கொஞ்சம் யோசித்து, "ரொம்பப் பின்னாடி" என்றாள்.

அம்மாவோ, நாடா தளர்ந்த அதே அம்மா, கேட்டதும் வெளிறிப்போனாள். "அது வீட்டோட இருக்கட்டும். வேலையில போய் வாயைத் திறக்காதே. உன் உத்தியோகம் போச்சுன்னா எனக்கு எந்த நாடாவும் வேணாம்."

இப்போது கண்ணாடி அறைக்குள் சூப்பர்வைசர் பேனாவைக் கண்டுபிடித்துவிட்டார்.

"ஏம்மா, மதியம்தான் ஜனங்க நிறைய கூப்பிடற நேரம். விளக்கை அணைச்சா மேல இருக்கிறவங்க என்னைத் தின்னுடுவாங்க."

"அவங்களாவது மென்னு தின்பாங்களான்னு கேளுங்க சார்."

"பட்டாசு!"

"பாதிப் பேரா பிரிச்சு விடுங்க. பாதி வரிசை போகட்டும், பாதி வரிசை எடுக்கட்டும். ஒரு போன்கூடத் தவறாது. அன்னைக்குக் கேபிள் வெட்டின மத்தியானம் உங்க இழுப்பறையை யாராவது திறந்தாங்களா? யோசிச்சுப் பாருங்க."

அவர் யோசித்தார். யோசித்தது முகத்தில் தெரிந்தது. பிறகு அதைத் துடைத்துக்கொண்டார். "நானும் வருஷக்கணக்கா இந்த மேசையிலதான் சாப்பிடறேன். எனக்கென்ன குறைச்சல்?" என்று நிமிர்ந்தார். நிமிர்ந்ததும் ஒரு ஏப்பம் வந்தது. பெரியது. அடக்கப் பார்த்தார், அது இரண்டாக உடைந்து வந்தது. அவளுடைய கண்கள் அவருடைய பெல்ட்டுக்குப் போயின. கொக்கி கழன்று கிடந்தது. அவர் நாற்காலியை மேசைக்குள் இழுத்துக்கொண்டார்.

"சரி, கேளு" என்றார், குரலைத் தாழ்த்தி. "டீம் லீடருக்கு விளக்கு கிடையாது. இந்த அறையில, கதவைச் சாத்திக்கிட்டு, அரை மணி நேரம் நிம்மதியா சாப்பிடலாம். உனக்கு வேணுங்கறது கிடைச்சிருச்சா? அப்புறமென்ன? வெளியே போய் இதைப் பேசாதே, அவ்வளவுதான்."

அவளுக்கு ஒரு கணம் அந்த அறை பிடித்துத்தான் இருந்தது. கதவு. மேசை. குளிர்ந்த காற்று. அம்மாவிடம் போய்ச் சொன்னால் அழுவாள். கண்ணாடி வழியாகப் பார்த்தாள். கொட்டாவி காதுக்கருவியை மாட்டிக்கொண்டு, ஒரு கை ஊமைப் பொத்தானில், ஒரு கை டப்பாவில். கழுத்து நீண்டு சுருங்கியது. ஒரு காது கூடத்துப் பக்கம், கண் தட்டில். தொட்டியோரம் நிற்கிற அம்மாவுக்கும் இவளுக்கும் நாற்காலி ஒன்றுதான் வித்தியாசம். இந்தக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, இதைப் பார்த்துக்கொண்டே, நான் மெதுவாக மெல்லுவதா?

"வேணாம் சார்."

"எது வேணாம்?"

"கதவு."

எழுந்துவிட்டாள். "மத்தியானம் முடியட்டும், சூடு தணிஞ்சு பேசலாம், போய் சீட்ல உட்காரு, விளக்கு எரியுது பாரு" என்று அவர் பின்னாலேயே சொல்லிக்கொண்டு வந்தார்.

விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அவள் உட்காரவில்லை. காதுக்கருவியை மாட்டி, நின்றபடியே எடுத்தாள். ஒரு பெண் குரல், பார்சல் உடைந்து வந்ததாம், எடுத்த எடுப்பிலேயே திட்டு. முழுவதும் கேட்டாள்.

"தப்பு எங்க பக்கம்தாங்க. இப்போ நான் சாப்பிடப் போறேன். அரை மணி நேரத்துல நானே உங்களைக் கூப்பிடறேன்."

வரிசையில் தலைகள் திரும்பின. பிறகு அந்தப் பெண், "இன்னும் சாப்பிடலையா நீ? மணி என்ன ஆகுது. போ, போய்ச் சாப்பிடு. நானும் அடுப்பைப் பத்தவெச்சுட்டு இப்படி உன்னோட கத்திக்கிட்டிருக்கேன்" என்றாள். வைத்துவிட்டாள்.

மேசைக்கடியில் இருந்து டப்பாவை எடுத்தாள். தண்ணீர்ப் பாட்டிலை எடுத்தாள். காதுக்கருவியைக் கழற்றி, விளக்கின்மேல் மாட்டிவைத்தாள்.

"எங்கடி?" என்றாள் கொட்டாவி, வாய் நிறைய.

"குழி வெட்டின இடத்துக்கு. முதல்ல முழுங்கிட்டுப் பேசு."

"பட்டாசு, அந்தக் கதவைத் தாண்டினே…" என்று சூப்பர்வைசர் ஆரம்பித்தார். முடிப்பதற்குள் அடுத்த ஏப்பம் குறுக்கே வந்துவிட்டது.

இரண்டு கையும் நிறைந்திருந்ததால் கதவை இடுப்பால் தள்ளினாள். டப்பாவின் சூடு வயிற்றில் பட்டது. படிக்கட்டில் வெயில் விழுந்துகொண்டிருந்தது. பின்னால் கதவு மெல்ல மூடிக்கொண்டு வர, கொட்டாவியின் தேன் குரல் கேட்டது. "லைன் சரியா கேக்கலைங்க, நம்பரை இன்னொரு தடவை…"

அதோடு நின்றது. ஒரு வாய் எடுப்பதற்காக நின்றதா, வேறெதற்காகவுமா, தெரியவில்லை. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவசரமே இல்லாமல், ஒவ்வொரு படியாக இறங்கிப் போனாள்.